அமெரிக்க ஜெயிலுக்குத் தபால்: எது போய்ச் சேரும், எது திரும்பி வரும்

நம் ஆட்களில் யாராவது இங்கே உள்ளே போய்விட்டால் கடிதம் எப்படி அனுப்புவது என்று கோயிலில் கேட்க முடியாது, ஆபீஸில் கேட்க முடியாது, வாட்ஸப் குழுவில் சத்தியமாகக் கேட்க முடியாது. அதனால் எழுதி வைக்கிறேன், தேவைப்படுகிறவர்கள் சத்தமில்லாமல் படித்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டிய ஒருவர் விசாரணை முடியும்வரை கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயிலில் இருந்தார், தண்டனை ஆனதும் ஃபெடரல் சிறைக்கு, அதாவது மத்திய அரசின் சிறைக்கு, மாற்றிவிட்டார்கள். ஆளும் அவர்தான், எழுதுவதும் நான்தான், ஆனால் முதல் இடத்தில் பழகிய எதுவும் அடுத்த இடத்தில் உதவவில்லை.

தபால் விஷயத்தில் கவுண்டி ஜெயிலுக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண்தான் கொடுப்பேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே நாம் அனுப்பும் கடிதம் ஜெயிலுக்கே போகாது. வேறொரு மாநிலத்தில் ஒரு கம்பெனியின் தபால் பெட்டிக்குப் போகும், அவர்கள் பிரித்து ஸ்கேன் செய்து டேப்லெட்டில் ஏற்றுவார்கள், காகிதம் பிறகு குப்பைக்கு. எழுத்து தேறிவிடும். படம் தேறாது. அவருடைய சின்ன மகள் கலர் பென்சிலில் வரைந்து அனுப்பியது அவர் கண்ணுக்குச் சாம்பல் நிறக் கிறுக்கலாகத்தான் போய்ச் சேர்ந்தது, அதற்கும் டேப்லெட்டில் தன் முறை வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்கு எழுதுகிறவர்கள் வெள்ளைத் தாளில், ஒரு பக்கம் மட்டும், கருப்பு மையில், விளிம்பு விட்டு எழுதுங்கள். பென்சில் வேண்டவே வேண்டாம்.

இந்த ஸ்கேன் ஏற்பாட்டைப் பெரிய அளவில் கொண்டுவந்து பேர் வாங்கியது பென்சில்வேனியா. 2018-இல் சிறை ஊழியர்கள் பலருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, தபாலில் வரும் போதைப்பொருள்தான் காரணம் என்று சொல்லி மாநிலச் சிறைகள் எல்லாவற்றையும் பூட்டிவைத்தார்கள், அதன்பின் குடும்பக் கடிதங்கள் முழுக்க ஃபுளோரிடாவில் உள்ள ஸ்மார்ட் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்துக்குப் போக ஆரம்பித்தன, உள்ளே இருப்பவர் கைக்கு வருவது நகல்தான். வக்கீல் கடிதத்தைக்கூட நகலெடுத்து மூலத்தை வைத்துக்கொண்டார்கள். அது வழக்காகி, 2019-இல் சமரசமாகி, வக்கீல் கடிதத்தை நகலெடுப்பதை மட்டும் கைவிட்டார்கள். மனைவி எழுதுவதற்கும் அம்மா எழுதுவதற்கும் அந்த விலக்கு கிடைக்கவில்லை.

காரணம் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். செயற்கைக் கஞ்சாவைத் திரவமாக்கிக் காகிதத்தில் ஊறவைத்து அனுப்புவது உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் 2020-இல் கொரோனாவுக்காக டெக்சஸ் சிறைகளில் நேரில் பார்ப்பதையே நிறுத்திய பிறகும் உள்ளே சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது, பத்திரிகைகள் விரிவாக எழுதின. உள்ளே போய் வருகிற ஊழியர்களைச் சோதிப்பதைவிடப் பாட்டியின் கடிதத்தைச் சோதிப்பது சுலபம், அவ்வளவுதான் விஷயம் என்பது என் கட்சி.

இன்னொரு வகை ஜெயில் இருக்கிறது, அங்கே போஸ்ட் கார்டு மட்டும்தான். அரிசோனாவில் மாரிகோப்பா கவுண்டியின் ஷெரிஃப் (போலீஸுக்கும் ஜெயிலுக்கும் தலைவர்) ஜோ ஆர்பாயோ 2007-இல் ஆரம்பித்தார், மற்ற கவுண்டிகள் பிடித்துக்கொண்டன. ஓரிகனில் கொலம்பியா கவுண்டியின் இதே விதி அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2013-இல் ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். ஆனாலும் வேறு ஊர்களில் அது ஒழிந்துவிடவில்லை. வீட்டுக் கடன், உடம்பு, பிள்ளையின் படிப்பு எல்லாவற்றையும் தபால்காரர் படிக்கும்படி திறந்த அட்டையில் எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அப்புறம் ஃபெடரல் சிறை. இங்கே நிம்மதி என்னவென்றால் விதி எழுத்தில் இருக்கிறது, ஓரளவு நாடு முழுக்க ஒன்றுதான். பெயரோடு அவருடைய எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும், ஐந்து இலக்கம், ஒரு கோடு, மூன்று இலக்கம். சாதாரணக் கடிதத்தை அவர் இல்லாதபோதே பிரித்துப் பார்ப்பார்கள், வக்கீல் தபால் என்று உறையில் முறைப்படி குறித்திருந்தால்தான் அவர் கண்ணெதிரே பிரிப்பார்கள். ஸ்டிக்கர், மினுக்கு, வாசனை, கலர் உறை எல்லாம் தவிர்த்துவிடுங்கள். சில ஃபெடரல் சிறைகளிலும் இப்போது நகல்தான் கைக்குப் போகிறது. கெட்டி அட்டைப் புத்தகமும் செய்தித்தாளும் பதிப்பகத்திலிருந்தோ கடையிலிருந்தோ நேராகப் போக வேண்டும். பார்சல், முன் அனுமதி இல்லாமல் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். முறுக்கு, ஊறுகாய் என்று அம்மாக்கள் கேட்பார்கள், தெளிவாக இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது ஃபெடரல் சிறையில் இருக்கும் கார்லிங்க்ஸ் (CorrLinks), கைதிகளோடு மின்னஞ்சல் மாதிரி எழுதிக்கொள்ளும் இணையதளம். நாமாகப் போய்ச் சேர முடியாது, உள்ளே இருப்பவர் நம் பெயரைப் பட்டியலில் சேர்த்தால் நமக்கு ஒரு மின்னஞ்சல் குறியீட்டோடு வரும், அது ஸ்பாமில் விழுந்து கிடக்கும், அங்கேயும் தேடுங்கள். தளத்தில் எழுதுவது நமக்கு இலவசம். அவருக்குத்தான் நிமிடத்துக்கு 5 சென்ட். ஒரு செய்திக்கு 13,000 எழுத்து வரை, படம் எதுவும் இணைக்க முடியாது. எல்லாவற்றையும் சிறை நிர்வாகம் படிக்கலாம், வக்கீலோடு பேசுவதற்கும் அங்கே ரகசியம் கிடையாது, அதனால் வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். தோற்றம் பழைய காலத்து வங்கித் தளம் மாதிரி இருக்கும், போகட்டும், வேலை செய்கிறது. ஐந்துக்கு நான்கு.

மாநிலச் சிறைகள் பலவற்றில் ஜேபே (JPay) என்ற தனியார் மின்னஞ்சல் சேவை. அங்கே எழுதுகிற நாமும் மெய்நிகர் ஸ்டாம்பு வாங்க வேண்டும், பக்கத்துக்கு ஒன்று, படத்துக்குத் தனி, அதே சேவைக்கு மாநிலம் மாறினால் விலையும் மாறுகிறது. மின்னஞ்சலுக்கு ஸ்டாம்பு என்ற யோசனை யாருக்கு வந்ததோ, நன்றாகச் சம்பாதித்திருப்பார்.

கடிதம் திரும்பி வந்தால் சும்மா விடாதீர்கள். 1974-இல் ப்ரோகூனியர் எதிர் மார்ட்டினெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதிக்கு வரும் கடிதத்தை மறுத்தால் அதைத் தெரிவிக்க வேண்டும், எழுதியவருக்கு ஆட்சேபம் சொல்ல நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. காரணம் என்ன என்று எழுதிக் கேளுங்கள், மரியாதையாக, தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு.

ஃபெடரல் கைதிக்குப் பணம் அனுப்புவதென்றால் சிறை முகவரிக்குக் கடிதத்தோடு வைக்கக் கூடாது, மணி ஆர்டர் அயோவாவில் டெ மாயினில் உள்ள பொதுத் தபால் பெட்டிக்குப் போக வேண்டும், பெயரும் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை உறையை ஒட்டுமுன் சிறைத்துறைத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு ஆள் அங்கேதான் இருக்கிறாரா என்று பாருங்கள், சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிடுவார்கள்.