கீட்டோகோனசோல் ஷாம்பு: எண்ணெய் வழியும் தலைக்கு ஆறு மாதப் பயன்பாடு

தலைக்குக் குளித்த மறுநாள் மாலைக்குள் முடி பிசுபிசுத்துப்போவதும், நகத்தால் சுரண்டினால் மெழுகு போன்ற மஞ்சள் செதில் நகக்கண்ணில் அப்பிக்கொள்வதும் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. முடியும் கொத்தாகக் கொட்டத் தொடங்கியபோதுதான் தோல் மருத்துவரிடம் சென்றேன். அவர் எழுதிக் கொடுத்தது 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு.

தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்தான், எல்லோர் தலையிலும் இயல்பாகவே வாழும் மலசீசியா என்னும் பூஞ்சைக்கு உணவு. அது அந்தக் கொழுப்பை உடைக்கும்போது உண்டாகும் ஓலியிக் அமிலம் போன்றவை சிலருடைய தோலை உறுத்தி, அரிப்பையும் அழற்சியையும் செதிலையும் கொண்டுவருகின்றன. அழற்சி நீடித்தால், இன்னும் வளர வேண்டிய முடிகள் முன்கூட்டியே ஓய்வுநிலைக்குச் சென்று, ஏறத்தாழ மூன்று மாதத்தில் உதிர்கின்றன. என் சீப்பில் சிக்கிய முடிகளின் வேர்முனையில் அரிசி நொய்யைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தது; அது ஓய்வுநிலை முடியின் அடையாளம் என்று மருத்துவர் காட்டினார்.

இந்த ஷாம்பு அந்தப் பூஞ்சையைக் கட்டுப்படுத்துகிறது. வாரம் இருமுறை, முடியில் அல்லாமல் தோலில் படும்படி தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். முதல் இரண்டு வாரம் நான் உடனே அலசிவிட்டதால் எந்த மாற்றமும் தெரியவில்லை. முறையாகப் பயன்படுத்திய பிறகு, மூன்றே வாரத்தில் அரிப்பு அடங்கி, செதிலும் போயிற்று. உதிர்வு குறைந்ததை உணர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. முடியின் நுனி வறண்டுபோவது ஒரு குறை. நுனிக்கு மட்டும் கண்டிஷனர் பூசிச் சமாளிக்கிறேன்.

எண்ணெய் வைக்காததால்தான் முடி கொட்டுகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அன்பால் சொன்னதுதான். ஆனால் இரவு முழுவதும் தலையில் ஊறும் தேங்காய் எண்ணெய், மலசீசியாவுக்கு இன்னும் ஒரு வேளை உணவாகிறது. செதில் இருக்கும்வரை தலையில் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்துவது நல்லது என்பதே என் அனுபவம்.

நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் முடி மெலிந்திருந்ததை மட்டும் இந்த ஷாம்பு மாற்றவில்லை. அது பரம்பரை வழுக்கை. டிஹெச்டி என்னும் ஹார்மோன், அதற்கு இலக்கான மயிர்க்கால்களைச் சுருக்கச் சுருக்க, ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் முடி முன்னைவிட மெல்லியதாகவும் குட்டையாகவும் முளைக்கிறது. எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுவதும் அதே வகை ஹார்மோன்கள்தான் என்பதால் எண்ணெய் வழிதலும் வழுக்கையும் ஒரே தலையில் சேர்ந்து வருவதுண்டு. எண்ணெய் வேரை அடைத்து வழுக்கையை உண்டாக்குகிறது என்று நினைப்பது தவறு. வழுக்கைக்கு மருத்துவர் மினாக்சிடில் என்னும் முடி வளர்ச்சி மருந்தைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்.

ஐந்தாம் மாதம் ஷாம்புவை முழுவதுமாக நிறுத்திப் பார்த்தேன். நான்கு வாரத்தில் காதுக்குப் பின்னால் அதே மஞ்சள் செதில் திரும்ப வந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுவருகிறேன்.