ரெடிமேட் யூனிஃபார்ம்: அடி மடிப்பைத் திருப்பிப் பார்த்து வாங்குங்க

"வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசா எடுங்க" என்று ஜூன் மாதம் எந்தக் கடையிலும் சொல்வார்கள். கேட்காதீர்கள். தோள்பட்டைத் தையல் முழங்கையை நோக்கி இறங்கினால் வகுப்பே சிரிக்கும். அந்தக் கூச்சம் சட்டை கிழிந்த பிறகும் போகாது. ஒரு சைஸ் கூடுதல் போதும்.

ரெடிமேட் ஸ்கூல் யூனிஃபார்ம் செட்களில் சட்டை பரவாயில்லை. பாலியஸ்டர் கலப்பு, சீக்கிரம் கசங்காது, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பேன்ட்தான் மோசம். அடி மடிப்பில் ஒரு அங்குலம்தான் விடுகிறார்கள். மூன்று அங்குலம் இருந்தால்தான் அடுத்த வருஷம் இறக்க முடியும். இறக்கினாலும் வம்புதான்: மேலே வெளுத்திருக்கும், மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் புது நீலமாகப் பளிச்சென்று தெரியும், நடுவே பழைய மடிப்பு தேய்ந்து வெள்ளைக் கோடு. போன வருஷ பேன்ட் என்று காலே காட்டிக் கொடுத்துவிடும். தேய்த்தாலும் அந்தக் கோடு போகாது.

இடுப்பு எலாஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். உள்ளே தனிப்பட்டையாக ஓடினால் தளர்ந்ததும் உருவி மாற்றலாம். துணியோடு சேர்த்துத் தைத்திருந்தால் அப்புறம் ஊக்குதான்.

சட்டையை ரெடிமேடில் எடுங்கள். பேன்ட்டுக்குத் துணி வாங்கி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே டெய்லரிடம் கொடுங்கள். சுருங்குவது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும்.