ஃபில்லர் பயிற்சி: கூர் ஊசியா, கேனுலாவா?

முகத்தில் ஃபில்லர் (சுருக்கத்தையும் பள்ளத்தையும் நிரப்பத் தோலுக்கடியில் செலுத்தும் ஜெல்) போடக் கற்கும் டாக்டர்களின் கையில் முதலில் எதைக் கொடுப்பது? நான் கேனுலா (கூர் ஊசிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் மெல்லிய குழாய்) பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

கூர் ஊசி நினைத்த இடத்தில் துல்லியமாக நிற்கும். உதட்டு ஓரத்துக்கும், எலும்பின் மேல் சின்னச் சொட்டு வைப்பதற்கும் அதுதான் வசதி. சிக்கல் என்னவென்றால் ரத்தக்குழாயையும் அதே சுலபத்தில் துளைத்துவிடும், புருவ நடுவிலோ மூக்கிலோ ஜெல் தமனிக்குள் போய், தள்ளும் அழுத்தத்தில் பின்னோக்கி ஓடி கண்ணுக்குப் போகும் தமனியை எட்டினால் பார்வையே போய்விடலாம். பிஸ்டனைப் பின்னிழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் ரத்தம் வரவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிட முடியாது.

கேனுலாவின் நுனி மொட்டை. கன்னத்தில் ஒரே துளை வழியாகப் பல திசையில் பரப்பலாம், ரத்தக்கட்டும் குறைவு. நிபந்தனை இதுதான்: 22 அல்லது 25 கேஜ் வேண்டும் (கேஜ் என்பது தடிமன் அளவு, எண் கூடக் கூடக் குழாய் மெல்லியது). 27 கேஜ் மெல்லியது, கிட்டத்தட்ட ஊசி மாதிரியே குழாய்ச் சுவரைக் குத்திவிடும்.

அப்புறம், எதை எடுத்தாலும் சரி, ஹையலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மேசையில் இல்லாமல் பயிற்சி வகுப்பைத் தொடங்கவே கூடாது.