ஆபீஸ் காரோடு டிராக் ரேஸ் (drag race): புதியவர்களுக்கான பிரிவில் ஓடிப் பார்த்தேன்

டிராக் ரேஸ் என்றால் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று நேர்க்கோட்டில் ஓடும் பந்தயம். நான் போனது டல்லாஸிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் சின்னப் பந்தயத் தடம். நீளம் எட்டில் ஒரு மைல், அதாவது 660 அடி. சனிக்கிழமை இரவுகளில் புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு நடத்துகிறார்கள். கட்டணம் 30 டாலர். தினமும் ஆபீஸுக்குப் போகும் 2015 கேம்ரியைத்தான் கொண்டுபோனேன்.

விதிகளை யோசித்து எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிட்டது. 8.60 நொடிக்குள் ஓடிவிடும் காருக்கு இடமில்லை. என்எச்ஆர்ஏ (அமெரிக்காவில் டிராக் ரேஸ்களுக்கு விதி வகுக்கும் சங்கம்) விதிப்படி 8.59 அல்லது அதைவிட வேகமாக ஓடினால்தான் ஹெல்மெட் கட்டாயம் என்பதால், முதல் நாளே அந்தச் செலவு கிடையாது. (நான் நண்பரிடம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். நீங்களும் போடுங்கள்.)

டிலே பாக்ஸ் (கார் கிளம்பும் கணத்தைத் தானே எண்ணித் தள்ளிப்போடும் மின்னணுப் பெட்டி) கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. போன வருடம் வேறொரு தடத்தில் டிலே பாக்ஸ் வைத்த கார்களோடு என்னையும் சேர்த்துவிட்டார்கள். கிளம்பும் இடத்தில் பச்சைக்கு முன் எரியும் மஞ்சள் விளக்குகளில் முதலாவது எரிந்ததும் அவர்கள் பட்டனை விட்டால் போதும், மிச்சத்தைப் பெட்டி எண்ணிக்கொள்ளும். நான் கண்ணையும் காலையும் நம்பி நின்றேன். முதல் சுற்றிலேயே வெளியே. இங்கே எல்லோரும் பிரேக்கிலிருந்து காலை எடுத்துத்தான் கிளம்ப வேண்டும். மஞ்சள் விளக்குகளும் அரை நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிவதால் பதற்றம் குறைகிறது.

பிராக்கெட் முறை என்பதால், கார் எத்தனை நொடியில் ஓடும் என்று நாமே கண்ணாடியில் எழுத வேண்டும். நான் 10.60 எழுதினேன், பக்கத்தில் நின்ற மஸ்டாங் 9.00. மெதுவான காருக்கு அந்த வித்தியாசம் சலுகை என்பதால், எனக்கு 1.6 நொடி முன்னதாகவே பச்சை விழுந்தது. முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் அது என்னைத் தாண்டியது. சரி, தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் அது ஓடியது 8.94! எழுதியதைவிட வேகமாக ஓடினால் பிரேக்அவுட், அதாவது தோல்வி. வெற்றி விளக்கு என் பக்கம் எரிந்தது. அடுத்த சுற்றில் அவசரப்பட்டு, பச்சைக்கு முன்பே கிளம்பி ரெட் லைட் வாங்கித் தோற்றது என் தவறுதான்.

ஊழியர்கள் பொறுமையானவர்கள். ஏசியை அணைக்கச் சொன்னவர், தண்ணீர் சொட்டினால் பின்னால் வருபவரின் டயர் வழுக்கும் என்று காரணத்தையும் சொன்னார்.

ஒரே குறை, மற்ற பிரிவுகளில் கோப்பை வென்றவர்களும் இதில் பெயர் கொடுக்க முடிகிறது. அரையிறுதிக்கு வந்த நால்வரில் இருவர் அப்படிப்பட்டவர்கள். அதைத் தடுக்க ஒரு வரி சேர்க்கும்படி நடத்துபவரிடம் கேட்டேன், குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் என் தங்கையும் தன் சிவிக்கோடு வருகிறாள்.