இலவச கால் ஸ்கேன் என்றால் கொஞ்சம் உஷார்

முதல் ரன்னிங் ஷூ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ‘இலவச கால் ஸ்கேன்’ என்று போர்டு மாட்டிய ஒரு கடையில், எனக்குப் பொருந்தாத ஒரு ஜோடியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கடையின் பெயர் வேண்டாம். இதே வித்தை பல இடங்களில் நடக்கிறது.

விற்பனையாளர் என்னை ஒரு கண்ணாடித் தட்டின் மேல் நிற்க வைத்தார். திரையில் என் பாதம் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தது. “சார், உங்களுக்குத் தட்டைப்பாதம். கால் உள்பக்கமா சாயுது. சாதாரண ஷூ போட்டு ஓடினா முட்டி போயிடும்” என்று சொல்லி, ஒரு ரிப்போர்ட்டையும் அச்சடித்து நீட்டினார். அடுத்து வெளியே வந்தது கடையிலேயே விலை கூடிய ஷூ. அதற்குள் போட தனியாக ஒரு இன்சோல், அதற்கு வேறு பில்.

நிற்கும்போது எடுத்த படம் அது. ஓடும்போது கால் என்ன செய்கிறது என்று அதில் தெரியாது. பாதம் தரையில் ஊன்றும்போது சற்று உள்பக்கம் சாய்வது இயல்பு. அதிர்ச்சியை உடம்பு வாங்கிக்கொள்வதே அப்படித்தான். பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் பயிற்சியில் இருந்தவர்களை வைத்தே சோதித்தார்கள். 2009, 2010 ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. ஒரு பிரிவினருக்கு வளைவுக்கு ஏற்ற ஷூ, மற்றவர்களுக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே வகை ஷூ. காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த ரிப்போர்ட்டுக்கு அவ்வளவுதான் மரியாதை.

எனக்குக் கொடுத்த ஷூவின் உள்பக்க ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் வெளிப்பக்க ஃபோம் அமுங்கும். இந்த இடம் மட்டும் கல் மாதிரி இருக்கும். கால் சாய்வதைத் தடுக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். அது வசதியாக இருக்கிறவர்களும் உண்டு. எனக்கோ ஓடத் தொடங்கியதும் பாத வளைவுக்குக் கீழே குத்த ஆரம்பித்துவிட்டது.

அளவு விஷயம் இன்னும் மோசம். “முன்னாடி விரல் இடிக்குதே” என்று கடையிலேயே சொன்னேன். “போடப் போட லூஸ் ஆயிடும் சார்” என்றார். அடுத்த அளவு கையிருப்பில் இல்லை என்பதைச் சொல்லவே இல்லை. நாள்பட நாள்பட ஷூவின் மேல்துணி சற்று இளகலாம், நீளம் அதிகமாகவே ஆகாது. ஓடும்போது பாதம் முன்னால் சரியும், வீங்கவும் செய்யும். என் பெருவிரல் நகம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது, கடைசியில் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது.

வீட்டில் ஷூவின் நாக்கைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. பல பிராண்டுகளில், அளவு போட்டிருக்கும் அந்தச் சின்ன லேபிளிலேயே தயாரிப்புத் தேதியும் இருக்கும். ‘புது மாடல்’ என்று என்னிடம் விற்றது சில வருடம் பழைய சரக்கு. பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் ஃபோம் இறுகும், பசை வலுவிழக்கும். தள்ளுபடியில் தெரிந்தே வாங்கினால் அது வேறு. முழு விலைக்கு எதற்கு?

திருப்பிக் கொடுக்கப் போனால், “அடி தேய்ஞ்சிருக்கு, ஸ்கேன்ல வந்தபடிதானே கொடுத்தோம்” என்று அதே ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். அது எதற்காக அச்சடிக்கப்படுகிறது என்று அப்போது புரிந்தது.

அன்று பக்கத்தில் ஒரு பையனுக்கு, வாழ்க்கையில் முதல் ஷூவாக, கார்பன் தட்டு வைத்த பந்தய ஷூவை விற்றுக்கொண்டிருந்தார்கள். 2019-இல் வியன்னாவில் கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தை முடித்தபோது அணிந்திருந்த ரகம் அது. மெதுவோட்டம் பழகுகிறவருக்கு அது எதற்கு?

நீங்கள் போகும்போது மாலையில் போங்கள், அதற்குள் பாதம் சற்று விரிந்திருக்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலிலும் மாட்டி எழுந்து நின்று, நீளமான கால்விரலுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள் (சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம்). உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நின்றால், பாதம் பக்கவாட்டில் வழிகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஷூவின் அளவு எண்ணை நம்ப வேண்டாம், அது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். அப்புறம், கடைக்குள்ளேயே கொஞ்சம் ஓடிப் பாருங்கள். “அடி அழுக்காயிடும்” என்று தடுத்தால் அந்தக் கடையே வேண்டாம். ஓடிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, ‘சரி’ என்றால் அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உண்மையிலேயே முட்டியோ கணுக்காலோ வலித்தால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.