ஐசோலேஷன் ரூமுக்குப் பணம் கட்டும் முன் பக்கத்து ரூமில் யார் என்று கேளுங்கள்

வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், டயாலிசிஸில் இருந்தால், சிறுநீரகம் மாற்றியிருந்தால், ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வேலூர் மாவட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எங்கள் அம்மாவை "ஐசோலேஷன்" என்று சொல்லிச் சேர்த்தார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கினார்கள். படுக்க வைத்ததோ சின்னம்மை வார்த்திருந்த ஒரு குழந்தைக்குப் பக்கத்து ரூமில். அம்மை என்பது அவர்களுக்குத் தெரியும். எங்களிடம் சொல்லவில்லை. புகார் கொடுத்திருப்பதால் ஆஸ்பத்திரி பெயரை இங்கே போடவில்லை.

அம்மாவுக்கு லிம்ஃபோமா, நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். கீமோ வேலூரில், வீடு குடியாத்தம் பக்கம். மருந்து ஏற்றி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது, எது பக்கமோ அந்த ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் ஊசி மருந்து ஏற வேண்டும். அப்படித்தான் ராத்திரியில் அங்கே போனோம். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 300 என்று ரிப்போர்ட் வந்தது. சாதாரணமாக 1500க்கு மேல் இருக்க வேண்டியது. 500க்குக் கீழே போனால் ஆபத்துக் கட்டம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், கேஷுவல்டியில் இருந்த டாக்டர் தங்கமான பிள்ளை. பிளட் கல்ச்சர் எடுத்து, உடனே ஆன்டிபயாடிக் போட்டு, ஒரு நிமிடம் வீணாக்கவில்லை. அம்மா அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்து உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம். என் கோபம் அதற்கு அடுத்த மாடியில் ஆரம்பிக்கிறது.

"கவுன்ட் இவ்வளவு கம்மியா இருக்கும்போது ஜெனரல் வார்டுல போட முடியாது சார். ஐசோலேஷன் பிளாக்ல ரூம் தரோம், ஹெப்பா ஏர், தனி நர்சிங்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். ரூம் வாடகைக்கு மேலே தினம் ஒரு தொகை. அம்மாவுக்கு நல்லது என்றால் என்ன யோசனை, கையெழுத்துப் போட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் தனிமைப்படுத்துவது இரண்டு வகை. ஒன்று, தொற்று உள்ளவரிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற: காசநோய், தட்டம்மை, சின்னம்மை போல காற்றில் பரவும் நோய்களுக்கு. அந்த அறைக்குள் காற்று வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு, வராந்தா பக்கம் வராமல் கட்டடத்துக்கு வெளியே தள்ளப்பட வேண்டும். மற்றொன்று இதற்கு நேர் எதிர்: எதிர்ப்புச் சக்தி இல்லாதவரை மற்றவர்களிடமிருந்து காப்பாற்றுவது. எலும்பு மஜ்ஜை மாற்றும் வார்டுகளில் வடிகட்டிய காற்றை அறைக்குள் செலுத்தி, உள்ளிருந்து வெளியே தள்ளும்படி வைப்பார்கள். அம்மா மாதிரி சாதாரண கீமோ நோயாளிக்கு அவ்வளவு தேவையில்லை. கதவு மூடிய தனி அறையும், கை சுத்தமாக உள்ளே வருகிற ஆட்களும், பக்கத்தில் தொற்று நோயாளி இல்லாத இடமும் இருந்தால் போதும்.

அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டும் ஒன்று. "ஐசோலேஷன்" என்றால் இரண்டாம் மாடிக் கோடியில் வரிசையாகச் சில ரூம்கள். பரப்புகிறவரையும் அங்கேதான் போடுகிறார்கள், பரவினால் தாங்க மாட்டாதவரையும் அங்கேதான் போடுகிறார்கள். கோழிக்குஞ்சையும் கீரியையும் ஒரே கூடையில் போட்டு மூடிவிட்டு, இரண்டுமே பத்திரம் என்று சொல்வது போல. அம்மாவை ஜெனரல் வார்டில் போட்டிருந்தால்கூட இந்த ஆபத்து குறைவாக இருந்திருக்கும்.

எங்களுக்கு விஷயத்தைச் சொன்னது டாக்டரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. தரை துடைக்க வந்த ஆயாம்மா. "இன்னா நைனா, பக்கத்து ரூம்ல கொயந்தைக்கு அம்மா வாத்துகீது, நீ இன்னாடான்னா கதவத் தொறந்து வச்சினு குந்தினுகீற?" என்று கேட்டார். அதற்குள் அம்மா அந்த ரூமில் பல நாள் இருந்தாகிவிட்டது, டிஸ்சார்ஜுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவில் அந்தக் குழந்தையின் பாட்டியிடம் பேசினேன். பீடி சுற்றும் குடும்பம். அம்மை கண்ட பிறகு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியதால் கூட்டிவந்திருக்கிறார்கள். சின்னம்மை சில சமயம் நுரையீரலைப் பிடிக்கும், கூட்டிவந்தது சரியான காரியம். கவுன்ட்டரிலேயே அம்மை என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கப்படி கதவில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருக்கிறார்கள். "மத்த பேஷன்ட் பாத்தா பயப்படுவாங்க, எடுத்துடுங்க" என்று சிஸ்டர் அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

எனக்கு வேப்பிலையால் அம்மை இறங்கும் என்ற நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வாசலில் வேப்பிலை தொங்கினால் பிள்ளைத்தாய்ச்சி உள்ளே போக மாட்டாள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் திண்ணையோடு திரும்பிவிடுவார்கள், தலைக்குத் தண்ணி ஊற்றும் வரை அந்த வீட்டுப் பிள்ளை வெளியே வராது. கொப்புளம் எல்லாம் காய்ந்து பக்குக் கட்டும் வரை பரவும் என்று டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். ஒரு ஏழைப் பாட்டி வைத்த எச்சரிக்கைப் பலகையை ஆஸ்பத்திரிக்காரர்கள் பிடுங்கிப் போட்டார்கள், பதிலுக்கு அவர்கள் ஒன்றும் மாட்டவில்லை. அந்தக் குடும்பத்தின் மேல் எங்களுக்கு ஒரு துளிகூட வருத்தம் இல்லை.

என் தம்பி ஏசி மெக்கானிக். கீழே பில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் கதவுக்கு அடியில் பிடித்துக் காட்டினான். தாள் உள்பக்கமாக வளைந்தது. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்ததால் ரூம் வராந்தாக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது என்றான். "ஹெப்பா" என்று கட்டணம் போட்ட ஏசியைத் திறந்தால் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி, தூசி வலை மட்டும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடும். ஹெப்பா ஃபில்டர் என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். அது வீட்டு ஏசியில் இருக்கும் நைலான் வலை இல்லை.

"தனி நர்சிங்" என்றதும் பொய். குழந்தையின் ரூமுக்குப் போன அதே சிஸ்டர்தான் அம்மாவுக்கும் ஊசி போட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை, ராத்திரியில் அந்த மாடி முழுக்க அவர் ஒருத்தர்தான். பில்லில் மட்டும் தினமும் பிபிஇ கிட். யாரும் அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் பார்த்ததில்லை. கொரோனா போய்விட்டது, கொரோனா பில் போகவில்லை.

இதெல்லாம் பண விஷயம், பொறுத்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பக்கத்தில் அம்மை நோயாளி இருந்தது பற்றி ஒரு சொல் இல்லை என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது ஏன் முக்கியம் என்று மறுநாள் கீமோ டாக்டர் விளக்கியபோதுதான் எங்களுக்கு வயிறு கலங்கியது.

அவர் கேட்ட முதல் கேள்வி, அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா என்று. ஒருமுறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. அம்மாவுக்கு நினைவில்லை, அம்மை வரவேயில்லை என்று பெரியம்மா சொன்னார். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு வேரிசெல்லா இம்யூனோகுளோபுலின் என்று, அம்மைக்கு எதிரான எதிர்ப்பொருளை நேராக உடம்புக்குள் ஏற்றும் ஒரு ஊசி இருக்கிறது. நோயாளியோடு இருந்த நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, அதிகபட்சம் 10 நாள் வரை போடுவார்கள். விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. எங்களுக்கு அன்றைக்கு வேலூரில் கிடைக்கவில்லை. அதனால் நாள் கணக்குப் பார்த்து அம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை ஆரம்பித்தார். முதல் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சென்னைக்காவது ஓடி வாங்கிவந்திருப்போம்.

அடுத்து அவர் சொன்னது இன்னும் பெரிது. அம்மை உடம்பில் புகுந்து வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நோயாளி மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார். அதனால் தொடர்பு ஏற்பட்ட 8ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை, இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் 28ஆம் நாள் வரை, அம்மாவையே தொற்று உள்ளவராக நினைத்து நடத்த வேண்டும். கீமோ ஹாலில் வந்து உட்காரக் கூடாது, போன் செய்துவிட்டு வரவேண்டும், தனி வழியில் கூட்டிப்போய்ப் பார்ப்பார்கள். அடுத்த கீமோவையும் தள்ளிவைத்தார்.

அந்தக் கீமோ ஹாலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காட்பாடியில் ரயிலிறங்கி, காந்தி ரோடு லாட்ஜில் தங்கி, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். தொப்பி போட்ட குழந்தைகள். எல்லோரும் அம்மா மாதிரி கவுன்ட் இல்லாதவர்கள். ஆயாம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் அடுத்த தேதிக்கு அம்மாவைக் கூட்டிப்போய் அவர்கள் நடுவில் உட்காரவைத்திருப்போம். ஒரு ஆஸ்பத்திரி மறைத்தது இன்னொரு ஆஸ்பத்திரியின் வார்டுக்குள் போயிருக்கும்.

அம்மாவுக்கு அம்மை வரவில்லை. மாத்திரையாலா, அதிர்ஷ்டமா, தெரியாது.

மேனேஜரிடம் போய்க் கேட்டோம். "ரூம் வேற, கதவு வேற, எப்படி சார் பரவும்? அம்மை எல்லாம் வீட்டிலேயே வந்து போற சமாச்சாரம்" என்றார். நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளைகளுக்கு வந்து போகும், சரி. கீமோவில் இருப்பவருக்கு அது நுரையீரலிலும் ஈரலிலும் இறங்கி உயிரையே எடுக்கும். காற்றில் பரவும் நோய்க்குக் கதவு தனி என்பது பதில் இல்லை. அதே போலக் காற்றில் பரவும் தட்டம்மையில், நோயாளி எழுந்துபோன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியாததா?

இனி உங்களுக்கு. இப்படிப்பட்ட நோயாளியைச் சேர்க்கும்போது கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த மாடியில் அம்மை, காசநோய், விடாத இருமல் கேஸ் இருக்கிறதா, இதே நர்ஸ் அவர்களையும் பார்க்கிறாரா, இந்த ரூமில் எங்களுக்கு முன் இருந்தவருக்கு என்ன நோய்? பெயர் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. நோய் இருக்கிறதா என்பதைச் சொல்லலாம். பதில் வராவிட்டால் ரூமை மாற்றச் சொல்லுங்கள். ஏசி ரூமுக்கு ஆசைப்படாமல், தொற்று நோயாளி இல்லாத பக்கத்தில் ஜன்னல் திறக்கும் சாதாரண தனி ரூம் கேட்டாலே பல சமயம் மேல். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும், பெரிய டாக்டராகவே இருந்தாலும், கையைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களையும் வாசலிலேயே விசாரியுங்கள். அக்கி வந்திருப்பவர் செம்மண் எழுதிக்கொண்டு, "எனக்கு அம்மை இல்லையே" என்று வந்து நிற்பார். அக்கியும் அதே கிருமிதான், அந்தக் கொப்புள நீரிலிருந்து அம்மை தொற்றும். வீட்டில் அம்மை வராத பிள்ளைகள் இருந்தால் டாக்டரைக் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். அரசு அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லை, தனியாரில்தான் போட வேண்டும். கீமோவில் இருப்பவருக்கு அந்த ஊசி போடக் கூடாது, அது உயிருள்ள கிருமி ஊசி.

தவறு நடந்துவிட்டால் பில், மருந்துச் சீட்டு, ரூம் போட்டோ எல்லாவற்றையும் வைத்திருங்கள். கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகள் 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவை. மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

எங்கள் மனு இணை இயக்குநர் அலுவலகத்தில் இருக்கிறது. நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஐசோலேஷன் கட்டணத்தையும் பிபிஇ கட்டணத்தையும் திருப்பித் தருகிறோம், "குறை எதுவும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். பணம் வேண்டாம், சம்மரியில் ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள் என்றோம்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை சின்னம்மை நோயாளி இருந்த அதே பிளாக்கில் இவர் இருந்தார் என்று. யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பணத்துக்கு இரண்டு முறை போன் வந்தது. அந்த வரி இன்னும் வரவில்லை. மனுவில் அதைத்தான் முதல் கோரிக்கையாக எழுதியிருக்கிறோம்.