97.2 சி.சி. போதும்: வீட்டுப் பட்டறையில் பிரித்துக் கட்டப் பழைய ஸ்ப்ளெண்டர் எப்படி?

வீட்டின் பின்புறக் கொட்டகையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சொந்தமாக ஒரு சிறு மோட்டார் சைக்கிளைக் கட்ட விரும்புகிறவர், எந்த வண்டியை அடிப்படையாக எடுத்துக்கொள்வது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். டேங்க், சீட், ஹேண்டில்பார், பெயின்ட் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். என்ஜினும் சேஸிஸும் பொருந்தாமல் போய்விட்டால் அதன்மேல் செய்கிற செலவு முழுவதும் வீண். இந்த மதிப்புரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் பொருத்திய பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். வேலைக்குப் போய்வரும் வண்டியாக அது எப்படி என்பதை ஊரே அறியும். பட்டறை மேசைமேல் பிரித்துப் போட்டு வேறோர் உருவில் திரும்பக் கட்டுவதற்கான மூலப்பொருளாக அது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன். என்ஜினுக்காகவும் உதிரிபாகங்களுக்காகவும் இதைவிட நல்ல தேர்வு நம் நாட்டில் இல்லை என்பது என் முடிவு. சக்கரம், பிரேக் இரண்டிலும் அதே பாராட்டைச் சொல்ல முடியாது.

1985-இல் சி.டி. 100 வண்டியில் அறிமுகமாகி, 1994-இல் ஸ்ப்ளெண்டருக்கு வந்த இந்த என்ஜினின் பூர்வீகம் ஜப்பான். சிலிண்டரைக் கிட்டத்தட்டப் படுக்கைவசமாக முன்னோக்கிக் கிடத்தும் இந்த அமைப்பை ஹோண்டா 1958-இல் சூப்பர் கப் வண்டியில் தொடங்கியது. 1961-இல் டோக்கியோவின் டாமா டெக் கேளிக்கைப் பூங்காவில் ஓட்டுவதற்காக அந்நிறுவனம் செய்த குட்டி வண்டியும், பின்னாளில் மங்கி என்று பெயர் பெற்ற அதன் வாரிசுகளும் இதே குடும்பத்து என்ஜினைச் சுற்றிக் கட்டப்பட்டவைதாம். உலகெங்கும் சிறு வண்டி கட்டுகிறவர்கள் இன்றும் படுத்த சிலிண்டரையே நாடுவதற்குக் காரணம் உண்டு. என்ஜினின் உயரம் குறைவு. அதற்கும் டேங்குக்கும் நடுவே நிறைய வெற்றிடம் கிடைக்கிறது. அந்த இடத்தைக் கட்டுகிறவர் தம் விருப்பம்போல் பயன்படுத்தலாம். 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 97.2 சி.சி., நான்கு கியர், சுமார் ஏழரைக் குதிரைத்திறன் என்பவை இதன் அடிப்படை எண்கள். 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் தந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐப் பழகியவர்களுக்கு இது மிகக் குறைவாகப் படும். வேகம் மட்டுமே குறிக்கோளாக இருப்பவர் இந்த வண்டியை வாங்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

ஆனால் முதல்முறையாக என்ஜினைத் திறக்கப்போகிறவருக்குக் குதிரைத்திறனைவிட முக்கியமானது, அந்த என்ஜின் அவருடைய கைக்கு அடங்குகிறதா என்பது. சேஸிஸிலிருந்து இறக்கியபின் ஒருவரே அதைத் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். சாதாரண ஸ்பானர் செட், டி-ஸ்பானர்கள், மேக்னெட்டைக் கழற்றும் புல்லர், கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) முனையிலும் கிளட்சிலும் உள்ள காடி நட்டுகளுக்கான சாவி, முறுக்கும் விசையை அளக்கும் ஒரு டார்க் ரெஞ்ச் ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) வைப்பதற்கு மேக்னெட்டில் ‘டி’ என்ற குறியும் கேம் பல்சக்கரத்தில் ஒரு வட்டக் குறியும் இருக்கின்றன; இரண்டும் தத்தம் இடத்தில் நின்றால் வேலை சரி. டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) திருகாணியாலேயே சரிசெய்யலாம், ஷிம் எனப்படும் மெல்லிய தகடு தேடி அலைய வேண்டியதில்லை. எண்ணெயைச் சுத்திகரிக்கக் காகித வடிகட்டி கிடையாது. கிராங்கோடு சேர்ந்து சுழலும் கிண்ணமொன்று அழுக்கைச் சுற்றுவிசையால் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறது. வலப்பக்க மூடியைத் திறந்ததும் அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் எண்ணெயை ஒழுங்காக மாற்றினாரா என்பதை அதில் படிந்திருக்கும் கரும்பசையின் கனம் அப்படியே காட்டிவிடும்.

சிலிண்டர் தேய்ந்திருந்தாலும் கவலைக்கு இடமில்லை. 0.25 மி.மீ. படிகளில் பெரிதாகும் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கின்றன. லேத் பட்டறையில் சிலிண்டரின் உட்புறத்தைக் குடைந்து வாங்கி வந்து, ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் அமையாதபடி விலக்கி வைத்து, ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகப் படிப்படியாக முறுக்கினால் போதும். வீட்டில் செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டு. கிராங்கின் பெரிய முனை பேரிங் ஆடினால் அதைப் பிரஸ் இயந்திரமும் டயல் கேஜும் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்துக் கிராங்க் ஏற்றியவர்களின் வண்டி கொஞ்ச தூரத்திலேயே ஃபுட்ரெஸ்ட் வரை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை இந்த வண்டிக்கு ஈடே இல்லை. சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும், பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் உண்டு. சென்னைக்கு வர இயலாதவரும் வருந்த வேண்டியதில்லை. சிறிய ஊர்க் கடையில் கூட இதற்கான கிளட்ச் பிளேட்டும் கேபிளும் கேஸ்கெட்டும் மாட்டித் தொங்குகின்றன. 1996-உடன் உற்பத்தி நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-இன் நல்ல சிலிண்டருக்கும் கிராங்குக்கும் ரசிகர்கள் போட்டி போடுவதால், அங்கே ஒரு பாகத்தைத் தேடுவதிலேயே ஆர்வம் வற்றிவிடுகிறது. வீட்டில் கட்டப்படும் வண்டிகளில் பல பாதியில் நின்று தூசி படிவதற்குத் திறமைக் குறைவைவிடப் பாகம் கிடைக்காத காத்திருப்பே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். கடையில் வாங்கும்போது டைமிங் செயின், ஆயில் சீல், பேரிங் ஆகிய மூன்றில் மட்டும் விலை பார்க்காமல் அசல் பாகத்தையே கேட்டு வாங்க வேண்டும். போலிகள் அதிகம் புழங்குவது இவற்றில்தான்.

அடுத்தது சேஸிஸ். இங்கேதான் ஆசை அறிவை முந்திவிடுகிறது. சின்ன வண்டி என்றாலே பின்பக்கச் சட்டத்தை அறுத்துக் குட்டை சீட் போட வேண்டும் என்று பலர் உடனே கிரைண்டரை எடுத்துவிடுகிறார்கள். பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனை எந்த இடத்தில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறதோ, அதற்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி சீட்டையும் மட்கார்டையும் மட்டுமே தாங்குகிறது. அதற்கு முன்னால் உள்ள குழாய்களோ, குழியில் சக்கரம் விழும்போது எழும் அடி முழுவதையும் வாங்கிக்கொள்பவை. ஷாக் அப்சார்பருக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியைக் குறைக்கலாம், முன்னால் உள்ள குழாய்களைத் தொடக் கூடாது. குறைத்தபின் இரு குழாய்களின் வெட்டுமுனைகளையும் வளைத்த குழாயொன்றால் இணைத்து மூடிவிட வேண்டும். திறந்த முனை வழியே தண்ணீர் இறங்கினால் உள்ளேயே துரு பிடிக்கும். மெல்லிய குழாய்க்கு 2.5 மி.மீ. அளவுள்ள 6013 ரக வெல்டிங் ராடு போதும். வீட்டு 230 வோல்ட் இணைப்பில் ஓடும் சிறு இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரத்தை 60 முதல் 90 ஆம்பியருக்குள் வைத்து, துளைபடாதபடி துண்டு துண்டாகப் பற்றவைக்கலாம். தொடங்குமுன் பேட்டரியையும், பிளக்குக்குத் தீப்பொறி தரும் சி.டி.ஐ. பெட்டியையும் கட்டாயம் கழற்றி எடுத்துவிட வேண்டும். முன்பின் அனுபவமில்லாதவர் பழைய இரும்புக் குழாயில் பற்றவைத்துப் பழகி, அதை அறுத்து உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தபிறகே சேஸிஸைத் தொடட்டும். பெட்ரோல் டேங்கை மட்டும் யாரும் வீட்டில் பற்றவைக்க வேண்டாம். கழுவி நாள்கணக்கில் காயவைத்த டேங்கிலும் ஆவி தங்கியிருக்கும். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

டேங்கைத் தேர்ந்தெடுக்கும்போது அழகோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வண்டியில் பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. சிறிய டேங்கைத் தாழ்வாகப் பொருத்தினால், கடைசி ஒரு லிட்டர் மிச்சமிருக்கும்போதும் பெட்ரோலின் மட்டம் கார்புரேட்டர் கிண்ணத்துக்கு மேலே நிற்கிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மங்கி போன்ற தோற்றத்துக்கு ஆசைப்பட்டு ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரத்தை மாட்டச் சொல்லும் யோசனை எங்கும் உலவுகிறது. ஸ்ப்ளெண்டரின் 2.75-18 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 597 மி.மீ. ஸ்கூட்டரின் 3.50-10 டயருக்கு அது 432 மி.மீ. தான். இரண்டின் அரைவிட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 82.5 மி.மீ.; அதாவது 159 மி.மீ. இருந்த தரை இடைவெளி 80-க்கும் கீழே போய்விடுகிறது. நம் ஊர் வேகத்தடைகளில் என்ஜினின் அடிப்பகுதியே முதலில் மோதும். கியர் விகிதமும் குலைகிறது. முன்பு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடிய என்ஜின் சுழற்சிக்கு இப்போது 43 கி.மீ. தான் கிடைக்கும், அதை ஈடுகட்டப் பின் ஸ்பிராக்கெட்டின் பற்களை நாலில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தபின் கிடைப்பது தோட்டத்துக்குள் ஓட்டத்தக்க வண்டி. சொந்த நிலத்தில் பிள்ளைகள் ஓட்டிப் பழகுவதற்கு அது நன்றாகவே இருக்கும். சாலையில் ஓட்ட நினைப்பவர் 18 அங்குல ஸ்போக் சக்கரத்தையே வைத்துக்கொண்டு டேங்க், சீட், மட்கார்டு ஆகியவற்றைச் சுருக்குவதன் மூலம் வண்டியைச் சிறிதாகக் காட்டலாம். கண்ணுக்கு அதுவே கட்டுமஸ்தாகவும் இருக்கிறது. பருத்த டயர் போடுகிறவர், முன் ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது டயர் சிலிண்டர் ஹெட்டில் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மேற்கொண்டு செல்ல வேண்டும். படுத்த சிலிண்டர் தரும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இது.

இந்த அடித்தளத்தின் பலவீனமான இடம் பிரேக். 130 மி.மீ. முன் டிரம், ஏழரைக் குதிரைத்திறனுக்கும் அளவான வேகத்துக்கும் கணக்கிட்டு வைக்கப்பட்டது. பழைய வண்டியில் அந்த டிரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். லேத்தில் கொடுத்து ஒரு சீவல் எடுத்து, புதிய ஷூவும் புதிய கேபிளும் போட்டால் வியக்கும் அளவுக்குத் திருந்துகிறது. என்ஜின் திறனைக் கூட்ட ஒரு ரூபாய் செலவழிக்குமுன் இதைச் செய்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

திறனைக் கூட்டுவதிலும் நான் ஊக்கம் தரமாட்டேன். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுகிறவர்கள், காற்று அதிகமாகிக் கலவை மெலிந்துவிடுவதை மறந்துவிடுகிறார்கள். பிளக் வெளுக்கிறது, ஹெட் சுடுகிறது, ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, பிளக்கின் நிறம் காப்பிப் பழுப்புக்கு வரும்வரை பார்த்துப் பார்த்து மாற்றப் பொறுமை உள்ளவர் மட்டும் அதில் இறங்கலாம். அசல் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டால் இந்த என்ஜின் வருடக்கணக்கில் முணுமுணுக்காமல் ஓடும்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே சேஸிஸை அறுக்க விரும்புகிறவர் அந்த வண்டியைச் சொந்த நிலத்துக்கு மட்டும் என்று முடிவுசெய்துகொள்வது நல்லது. சாலையில் ஓட்டப்போகிறவர் பற்றவைப்பு எதுவுமின்றி, போல்ட்டில் கழற்றி மாட்டக்கூடிய சிறு மாற்றங்களோடு நிறுத்திக்கொண்டு, அவற்றைக்கூட வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்தபின் செய்ய வேண்டும். அசல் சைலன்சரை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. தெருவில் உறங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் நம் வண்டியின் ஓசை கேட்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

வாங்கும்போது 2020 முதல் வந்த ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளைத் தவிர்க்கவும். சென்சார்களும் மின்னணுப் பெட்டியும் வீட்டுப் பட்டறையின் வேலையைப் பல மடங்காக்கும். ஸ்டீயரிங் தலைப்பகுதியில் பொறித்த சேஸிஸ் எண்ணைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். என்ஜினை ஸ்டார்ட் செய்து சிலிண்டரின் இடப்பக்கத்தில் காது கொடுத்தால், டைமிங் செயின் தளர்ந்திருந்தால் சலசலவென்று கேட்கும். அது விலையைக் குறைத்துக் கேட்பதற்கான காரணமே தவிர, வண்டியை ஒதுக்குவதற்கான காரணம் அல்ல. மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது கியர் தானாக நழுவினால் மட்டும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஹெட்லைட்டுக்கு எல்.இ.டி. போட நினைப்பவர்கள், பழைய மாடல்களில் அந்த விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதில்லை, மேக்னெட் காயிலின் ஏ.சி. மின்சாரத்தில் நேரடியாக எரிகிறது என்பதை அறிந்து, அதற்கேற்ற பல்பைக் கேட்டு வாங்க வேண்டும். மற்றது மினுங்கும், சீக்கிரமே கருகும்.